உறக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிக்கும் பிள்ளை: பூச்சி மருந்து மூன்று முறை கொடுத்தாகிவிட்டது, இனி என்ன செய்வது?

பதிவு 1
கன்னங்குறிச்சி தாய் | நவம்பர் 6, இரவு 11.50

அனைவருக்கும் வணக்கம். எனக்கு நான்கரை வயதில் ஒரு மகனும் 11 மாதத்தில் ஒரு மகளும் இருக்கிறார்கள். மகன் மூன்று வயது முடிந்ததிலிருந்தே உறக்கத்தில் பல்லைக் கடிக்கிறான். தொடக்கத்தில் வாரத்தில் ஓரிரு நாள் என்றிருந்தது இப்போது ஏறத்தாழ ஒவ்வோர் இரவும் என்றாகிவிட்டது. படுத்து ஒன்றரை மணி நேரம் கழிந்ததும் தொடங்கி, விடியும்வரை விட்டுவிட்டுக் கேட்கிறது. காய்ந்த அம்மியில் கல்லுப்பை வைத்துத் தேய்ப்பது போன்ற அந்த ஓசை பக்கத்து அறைவரை வருகிறது. கேட்டுக்கொண்டு படுத்திருக்கும் எனக்குத்தான் பல் கூசுகிறதே தவிர, அவன் காலையில் எழுந்து ஒன்றுமே நடக்காததுபோல் விளையாடப் போய்விடுகிறான்.

வயிற்றில் பூச்சி இருப்பதால்தான் பல் கடிக்கிறான் என்பதில் என் மாமியாருக்கு ஐயமே இல்லை. அவர் சொல்லுக்காக மருந்துக் கடையில் வாங்கிய பூச்சி மருந்தை இரண்டு முறை கொடுத்தோம். ஆகஸ்டில் அங்கன்வாடியில் கொடுத்த மாத்திரையையும் சேர்த்தால் ஐந்து மாதத்தில் மூன்று முறை ஆகிறது. ஓசை குறையவில்லை. சென்ற மாதம் ஒரு தனியார் பல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் ‘நைட் கார்டு’ எனப்படும், இரவில் பல்லில் மாட்டும் கவசத்தைச் செய்து மாட்ட வேண்டும் என்றும் அதற்கு எட்டாயிரம் ரூபாய் ஆகும் என்றும் கூறினார்கள். யோசித்துச் சொல்வதாகக் கூறி வந்துவிட்டேன்.

இந்த நிலையில் ஒரு வாரமாக மகளும் பல் கடிக்கத் தொடங்கியிருக்கிறாள், அவள் பகலில். மேலே நான்கும் கீழே நான்கும் முளைத்திருக்கின்றன. “பல் கடிக்கிற பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது” என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து வீட்டில் ஒரே கலக்கமாக இருக்கிறது. அண்ணனைப் பார்த்துத் தங்கை பழகிக்கொண்டாளா? இருவருக்கும் ஒரே காரணமா? மகனுக்கு நைட் கார்டு தேவைதானா?

பதிவு 2
வெள்ளிப்பட்டறை | நவம்பர் 7, காலை 6.15

அம்மா, நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன், மூன்று பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா. நாற்பது ஆண்டுகளாக அரம் போடும் ஓசையிலேயே வாழ்ந்த எனக்கே, பேரன் பல் கடித்த ஓசையைத் தாங்க முடியவில்லை என்றால் உங்கள் நிலை நன்றாகவே புரிகிறது. எங்கள் வீட்டில் வேப்பங்கொழுந்தையும் ஓமத்தையும் அரைத்துச் சுண்டைக்காய் அளவு உருட்டி மூன்று நாள் கொடுத்தோம். பத்தே நாளில் நின்றுவிட்டது. ஆகவே பூச்சி என்று உங்கள் மாமியார் கூறுவதை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். கடையில் வாங்கிய மருந்து சரியான அளவில் உள்ளே போயிருக்காது என்பது என் எண்ணம்.

குடும்பத்துக்கு ஆகாது என்ற பேச்சை மட்டும் காதில் வாங்காதீர்கள். மேல்வரிசைப் பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்றும்தான் சொல்வார்கள். என் அக்காள் மகனுக்கு அப்படித்தான் முளைத்தது. மாமனாகிய நான் எழுபதைத் தாண்டி இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பதிவு 3
பால்பல் | நவம்பர் 7, இரவு 9.30

நான் அஸ்தம்பட்டியில் குழந்தைகளுக்கான பல் மருத்துவராகப் பணியாற்றுகிறேன். நேரில் பார்க்காமல் நோய் இன்னதென்று முடிவு கூற இயலாது என்றாலும், இந்த இழையில் இரண்டு வெவ்வேறு செய்திகள் ஒன்றாகக் கலந்திருப்பதால் அவற்றைப் பிரித்துவிட விரும்புகிறேன்.

முதலில் 11 மாதக் குழந்தை. பொதுவாக ஆறாம் மாதத்திலிருந்து பத்தாம் மாதத்திற்குள் கீழ் முன்பற்கள் இரண்டும் முளைக்கின்றன. மேல் பற்கள் அதன்பின் வருகின்றன. மேலும் கீழும் பற்கள் வந்து ஒன்றையொன்று தொடும்வரை குழந்தைக்குக் கடிப்பதற்கு எதுவும் இல்லை. தொட்ட அன்று அதன் வாயில் ஒரு புதிய பொருள் கிடைக்கிறது, அதை உரசினால் ஓசையும் வருகிறது, அந்த ஓசை கேட்டதும் அம்மா திரும்பிப் பார்க்கிறாள். சில மாதங்களுக்கு முன் தன் கைவிரல்களையே வியந்து பார்த்துக்கொண்டிருந்த குழந்தை இப்போது பற்களைக் கொண்டு அதையே செய்கிறது. அண்ணனிடம் பழகியதாக எண்ண வேண்டியதில்லை. ஈறு வீங்கியிருந்தால், சுத்தமான ஈரத்துணியைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் சிறிது நேரம் வைத்து எடுத்துக் கடிக்கக் கொடுக்கலாம். ஈறில் தடவும் மரத்துப்போகும் களிம்புகளை வாங்க வேண்டாம்: அவற்றில் உள்ள பென்சோகெய்ன், இரத்தம் ஆக்சிஜனை எடுத்துச் செல்லும் திறனைக் குலைக்கக்கூடும் என்பதால், இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்குப் பயன்படுத்தவே கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்தது. ஒரு வயது முடியாத குழந்தையின் ஈறில் தேன் தடவுவதும் கூடாது. ஒரு வயது முடியாத மகளுக்குப் பூச்சி மருந்தையும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.

இனி மகன். உறக்கத்தில் பல் கடிப்பது பற்களிலிருந்து தொடங்குவதன்று. மேல் பல்லும் கீழ் பல்லும் சரியாகப் பொருந்தாததால் உரசுகிறது என்றுதான் எங்கள் துறையே நெடுங்காலம் நம்பி, பல்லை இங்கும் அங்குமாகத் தேய்த்துச் சமப்படுத்திக்கொண்டிருந்தது; அந்தக் கருத்து இன்று கைவிடப்பட்டுவிட்டது. உறங்குபவரின் மூளை ஓர் இரவில் பலமுறை, சில நொடிகளுக்கு மட்டும், விழிப்பின் விளிம்புவரை வந்து மீண்டும் உறக்கத்திற்குள் இறங்குகிறது. அந்தச் சிறு விழிப்பின்போது முதலில் மூளையின் அலைகள் மாறுகின்றன, அடுத்து இதயத் துடிப்பு சற்று விரைகிறது, அதன் பின்னரே தாடைத் தசைகள் தாளகதியில் சுருங்கி விரிகின்றன. உங்கள் காதுக்கு எட்டும் நறநற ஓசை இந்த வரிசையில் கடைசியாக வருவது. ஆகவே என்னிடம் வரும் பெற்றோரிடம் நான் வாயைப் பற்றிக் கேட்பதற்கு முன் உறக்கத்தைப் பற்றித்தான் கேட்கிறேன்.

இது எத்தனை பிள்ளைகளுக்கு இருக்கிறது என்பதில்கூட ஒரே எண் கிடையாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளிவந்த ஒரு மதிப்பாய்வில், குறைந்தது 3.5 விழுக்காடு என்றும் மிகுந்தது 40.6 விழுக்காடு என்றும் கண்டிருந்தார்கள். பெரும்பாலான ஆய்வுகள் பெற்றோரிடம் கேட்டு எழுதியவை என்பதும், தனி அறையில் உறங்கும் பெற்றோர் எதையும் கேட்பதில்லை என்பதும் இந்த இடைவெளிக்கு ஒரு காரணம். ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடில்லை, வயது ஏற ஏறக் குறைகிறது என்ற இரண்டில் மட்டும் அந்தத் தொகுப்பு உறுதியாக இருந்தது. 2018இல் பன்னாட்டு வல்லுநர்கள் கூடி வெளியிட்ட வரையறையும், மற்றபடி நலமாக இருப்பவர்களிடம் இதை ஒரு நோயாகவே எண்ண வேண்டியதில்லை என்று கூறுகிறது.

உங்களிடம் நான் அறிய விரும்புவது இவைதான். மகன் வாயைத் திறந்துகொண்டு உறங்குகிறானா? குறட்டை உண்டா, அப்படியானால் வாரத்தில் எத்தனை இரவு? பல் கடிப்பதற்குச் சற்று முன் அவன் மூச்சு எப்படி இருக்கிறது? இதை மட்டும் ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள். முடிந்தால் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். படம் இருட்டாக இருந்தாலும் போதும், ஒலிதான் வேண்டும்.

பதிவு 4
இருபதாம் வளைவு | நவம்பர் 8, மாலை 4.05

நான் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். பூச்சி மாத்திரையைப் பற்றி இங்கே குழப்பம் தெரிவதால் எழுதுகிறேன். தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015இல் தொடங்கப்பட்டது; பொதுவாகப் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாள்களில் நடைபெறுகிறது. ஒரு வயது முதல் 19 வயது வரை உள்ள அனைவருக்கும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் இருந்தால் பாதி மாத்திரை, அதையும் பொடித்துத் தண்ணீரில் கரைத்தே கொடுக்கிறோம். மண் வழியாகப் பரவும் உருண்டைப்புழு, கொக்கிப்புழு போன்றவற்றால் வரும் இரத்தசோகையையும் வளர்ச்சிக் குறைவையும் தடுக்கவே இந்தத் திட்டம். பல் கடிப்பதற்கு என்று யாரும் இதைக் கொடுப்பதில்லை, ஆனால் தாய்மார்கள் அதற்காகவே கூடுதலாக ஒரு மாத்திரை கேட்பதுண்டு. நான் கொடுப்பதில்லை.

எங்கள் மலையில் இன்னொன்றையும் பார்க்கிறேன். காப்பிப் பழம் பறிக்கும் நவம்பர் முதல் மாசி வரையிலான பனிக்காலத்தில், தோட்டக் குடியிருப்புகளில் கதவைச் சாத்திக்கொண்டு விறகு அடுப்பின் புகையிலேயே அனைவரும் படுத்துக்கொள்கிறார்கள். அந்த மாதங்களில்தான் பிள்ளைகளுக்கு மூக்கடைப்பும் மிகுதி, “இரவெல்லாம் பல்லைக் கடிக்கிறான் டீச்சர்” என்று தாய்மார்கள் கூறுவதும் மிகுதி. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று மருத்துவர் அம்மா கூற வேண்டும். காப்பித் தோட்டத்திலேயே வாழ்வதால் மூன்று வயதுப் பிள்ளைக்கும் மாலையில் ஒரு தம்ளர் கடுங்காப்பி கொடுக்கும் பழக்கமும் எங்களிடம் இருக்கிறது என்பதை வெட்கத்துடன் சேர்த்துக்கொள்கிறேன்.

பதிவு 5
பால்பல் | நவம்பர் 8, இரவு 10.10

சகோதரி, மிகச் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். மூக்கு அடைத்தால் வாயால் மூச்சு விட நேர்கிறது, உறக்கம் மேலோட்டமாகிறது, நான் மேலே கூறிய சிறு விழிப்புகள் கூடுகின்றன. வீட்டில் பிறர் புகைக்கும் புகையிலைப் புகையில் வளரும் பிள்ளைகள் கூடுதலாகப் பல் கடிப்பதாக ஆய்வுகள் உண்டு. விறகுப் புகையும் மூக்கின் உட்சவ்வை எரிச்சலூட்டி வீங்கவைக்கக்கூடியதே. காப்பியில் உள்ள கஃபீன் உறக்கத்தைக் கலைக்கும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. பிள்ளைக்குப் பாலையே கொடுக்கச் சொல்லுங்கள், காப்பியை அதன் அப்பா குடித்துக்கொள்ளட்டும்.

பதிவு 6
வெள்ளிப்பட்டறை | நவம்பர் 9, காலை 5.50

மருத்துவர் அம்மா கூறுவதை மதிக்கிறேன். ஆனால் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். பூச்சி காரணமில்லை என்றால் எங்கள் பேரனுக்குப் பத்து நாளில் நின்றது எப்படி? எங்கள் தெருவிலேயே நான்கு வீட்டில் இதே கதைதான். அத்தனை பேரும் பொய் சொல்கிறோமா?

பதிவு 7
பால்பல் | நவம்பர் 9, பிற்பகல் 2.20

ஐயா, நீங்கள் கண்டதைப் பொய் என்று நான் கூறவே மாட்டேன். நின்றது உண்மை. எதனால் நின்றது என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம்.

பல் கடிப்பது எல்லா இரவும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஒரு வாரம் ஓயாமல் இருக்கும், அடுத்த வாரம் ஓரிரு முறையோடு அடங்கும், பள்ளி திறக்கும் காலத்திலோ சளி பிடித்த நாள்களிலோ மீண்டும் ஏறும். ஓசை உச்சத்தில் இருக்கும் வாரத்தில்தான் நாம் பொறுக்க முடியாமல் மருந்தைத் தேடுகிறோம். உச்சத்திலிருந்து எதுவும் இறங்கத்தான் செய்யும், இறங்கும்போது கையில் இருந்த மருந்துக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. இன்னொரு வகையாகவும் பாருங்கள். பிப்ரவரி 10ஆம் நாள் சேலம் மாவட்டம் முழுவதும் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகள் ஒரே நாளில் பூச்சி மாத்திரை விழுங்குகிறார்கள். பூச்சிதான் காரணம் என்றால், பல் கடிப்பதற்காக என் அறைக்கு வரும் பெற்றோர் அந்த மாதக் கடைசியிலாவது குறைந்திருக்க வேண்டும். இத்தனை ஆண்டுகளில் நான் அப்படி ஒரு குறைவைக் கண்டதில்லை. குடற்புழுவையும் பல் கடிப்பதையும் இணைத்துப் பார்த்த ஆய்வுகளும் ஒன்றுக்கொன்று முரணாகவே முடிந்திருக்கின்றன.

வேப்பங்கொழுந்தைப் பற்றி ஒரு சொல். மூன்று நாள் கொடுத்ததோடு நிறுத்தியது நல்லது. கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டி, வலிப்பு வந்து மருத்துவமனையில் சேர்த்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன என்பதால், இதைப் படிக்கும் இளம் தாய்மார்கள் அதை முயல வேண்டாம்.

பதிவு 8
வெள்ளிப்பட்டறை | நவம்பர் 9, இரவு 8.40

ஏற்கிறேன், ஆனால் முழுவதும் இல்லை. கீரிப்பூச்சி இருக்கும் பிள்ளைக்கு இரவில்தான் ஆசனவாயில் அரிப்பு எடுக்கிறது. அரிப்பில் அது புரண்டு புரண்டு படுக்கிறது. நீங்கள் சொல்லும் சிறு விழிப்பு அப்போதும் வருமல்லவா? அப்படியானால் பூச்சி நேராகப் பல்லைக் கடிக்கவைக்காவிட்டாலும் சுற்றி வந்து கடிக்கவைக்கிறது என்று ஏன் சொல்லக் கூடாது?

பதிவு 9
பால்பல் | நவம்பர் 9, இரவு 10.55

தாராளமாகச் சொல்லலாம் ஐயா. என் மாணவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. பெண் கீரிப்பூச்சி இரவில் வெளியே வந்து முட்டையிடுவதால் அரிப்பு உண்டாகிறது, அதனால் உறக்கம் கலைகிறது என்பது உண்மை. ஆனால் அங்கே நாம் பூச்சிக்கு மருந்து கொடுப்பது அரிப்பு இருப்பதால்தான். காலையில் பிள்ளை எழுந்து கழுவும் முன், ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவை ஆசனவாய்ப் பகுதியில் ஒட்டி எடுத்து ஆய்வகத்தில் கொடுத்தால் முட்டைகள் தெரிந்துவிடும். தெரிந்தால், ஒரு வயது முடியாத குழந்தையைத் தவிர, வீட்டிலுள்ள அனைவரும் மருந்து உட்கொண்டு, இரண்டு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை உட்கொள்ள வேண்டும், படுக்கைத் துணிகளை வெந்நீரில் துவைக்க வேண்டும், பிள்ளையின் நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். இவற்றில் ஒன்றையும் செய்யாமல், பல் ஓசையை மட்டும் கேட்டு மாதந்தோறும் ஒரு குப்பி மருந்து வாங்குவதைத்தான் நான் மறுக்கிறேன்.

பதிவு 10
மட்டுறுத்துநர் | நவம்பர் 10, காலை 9.00

பிள்ளை அமைதியாக உறங்க, சளிக்குக் கொடுக்கும் தூக்கம் வரவைக்கும் மருந்தை இரவுதோறும் கொடுக்கலாம் என்று ஓர் உறுப்பினர் எழுதியிருந்த பதிவு நீக்கப்பட்டுள்ளது. மருந்தின் பெயரையும் அளவையும் குறிப்பிட்டு இங்கே பரிந்துரைக்க வேண்டாம்.

பதிவு 11
தறிநாடா | நவம்பர் 10, இரவு 11.15

நான் கொண்டலாம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறேன். எங்கள் வீட்டின் முன்பகுதியில் தறிக்கூடம், பின்பகுதியில் குடியிருப்பு. தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது என்பதால், மகள் பல் கடிப்பதே எங்களுக்கு ஓர் ஆண்டுக்கு மேல் தெரியாது. ஒருநாள் நீண்ட நேரம் மின்சாரம் இல்லாமல் தறி நின்றிருந்த இரவில்தான் முதன்முதலாகக் கேட்டோம். அன்று இன்னொன்றையும் கேட்டோம், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவளுக்கு அப்போது ஐந்து வயது. குறட்டை விடுவாள், களைத்து உறங்குகிறாள் என்று அதை நாங்கள் பெருமையாகக்கூட எண்ணியிருந்தோம். அந்த அமைதியில் உற்றுக் கேட்டபோது, குறட்டை திடீரென நிற்கிறது, சில நொடிகள் எந்த ஓசையும் இல்லை, மார்பு மட்டும் இழுத்து இழுத்து எழுகிறது, பிறகு ஒரு பெரிய மூச்சுடன் உடல் தூக்கிப் போடுகிறது, அதை ஒட்டியே நறநறவென்று பல் ஓசை. விடியும்வரை இந்த வரிசை மாறவில்லை. பல் ஓசையைக் கண்டு அஞ்சிய என் மனைவி, அதற்கு முன்பிருந்த அமைதியைக் கண்டு அஞ்சியிருக்க வேண்டும் என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் பின்னர் கூறினார்.

பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயில், மூக்கின் பின்புறத்தில் உள்ள அடினாய்டு சதை வளர்ந்து மூச்சுப்பாதையை ஏறத்தாழ அடைத்திருந்தது தெரிந்தது, டான்சில்களும் பெருத்திருந்தன. முதலில் மூன்று மாதம் மருந்தில் வைத்துப் பார்த்தார்கள், பயனில்லை. பிறகு இரண்டையும் அறுவை சிகிச்சையில் எடுத்தார்கள். குறட்டை முதல் மாதத்திலேயே மறைந்தது. பகலில் எரிச்சல்பட்டுக்கொண்டே இருந்தவள் சாந்தமானாள், எப்போதாவது படுக்கையை நனைத்துவந்ததும் நின்றது. பல் கடிப்பது பெருமளவு குறைந்ததே தவிர முற்றிலும் நிற்கவில்லை. இன்றும் மாதத்தில் ஓரிரு நாள் கேட்கும், நாங்கள் திரும்பிப் படுத்துக்கொள்கிறோம். உங்கள் மகனுக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நான் கூறவில்லை சகோதரி. மின்விசிறியை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு அவன் பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள்.

பதிவு 12
அயோத்தியாப்பட்டணம் | நவம்பர் 11, பிற்பகல் 1.30

என் மகனுக்கு மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி). ஆறு வயதாகிறது. அவன் பகல் முழுவதும், விழித்திருக்கும்போதே பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதால் கடைவாய்ப் பற்கள் ஈறளவுக்குத் தேய்ந்துவிட்டன. “வளர்ந்தால் சரியாகிவிடும்” என்று இங்கே எழுதப்படும் ஆறுதல் எங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்துமா?

பதிவு 13
பால்பல் | நவம்பர் 11, இரவு 9.45

சகோதரி, பொருந்தாது. நான் அதை முன்பே குறிப்பிடாமல் விட்டது என் பிழை. மூளை முடக்குவாதம், டவுன் நோய்க்குறி, மதியிறுக்கம் (ஆட்டிசம்) போன்ற நிலைகளில் பல் கடிப்பது கூடுதலாகவும் விழித்திருக்கும்போதும் நிகழ்கிறது, தானாக நிற்கும் என்று காத்திருந்து பல்லை இழக்கக் கூடாது. வயிற்று அமிலம் மேலேறி வாய்க்கு வருவதும் இத்தகைய பிள்ளைகளுக்கு மிகுதி என்பதால், தேய்ந்திருப்பது கடித்ததால் மட்டும்தானா, அமிலத்தால் கரைந்தும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவன் உட்கொள்ளும் மருந்துச் சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். சில மருந்துகள் பல் கடிப்பதைத் தூண்டுகின்றன. தேய்ந்த பால் கடைவாய்ப் பற்களுக்குத் துருப்பிடிக்காத எஃகு உறை மாட்டிவிட்டால், அவை விழும் வயதுவரை காப்பாற்றலாம். அவற்றின் பின்னால் ஆறு வயதில் முளைக்கும், நிலைப்பற்களான முதல் கடைவாய்ப் பற்களைத்தான் நாம் முதன்மையாகக் காக்க வேண்டும். பிறப்பு முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு, மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் பல், செவி, உடலியக்கம் எல்லாவற்றையும் ஓரிடத்திலேயே பார்க்க வழியிருக்கிறது. இன்னும் போகவில்லையெனில் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள்.

நைட் கார்டு பற்றி முதல் பதிவில் கேட்டதற்கும் இங்கேயே விடை எழுதிவிடுகிறேன். வளர்ந்தவர்களுக்குப் பல் தேயாமல் காக்க அது பயன்படுகிறது. நான்கரை வயதில் தாடை வளர்ந்துகொண்டே இருக்கிறது, இன்னும் ஒன்றரை ஆண்டில் பற்கள் விழுந்து முளைக்கத் தொடங்கும். இன்று அளவெடுத்துச் செய்த கவசம் சில மாதங்களில் பொருந்தாது, பொருந்தாததை மாட்டினால் வளர்ச்சிக்குத் தடையாகலாம். மூச்சுத் தடை இருக்கும் பிள்ளைக்கு வாயில் இன்னொரு பொருளை வைப்பது பற்றியும் தனியே யோசிக்க வேண்டும். பால்பல்லின் எனாமல் நிலைப்பல்லினதைவிட மெல்லியது என்பதால் தேய்மானம் விரைவில் கண்ணுக்குத் தெரியும். கோரைப்பல்லின் கூர் மழுங்கியிருப்பது மட்டும் சிகிச்சைக்குக் காரணமாகாது. பல் கூசுகிறது என்று பிள்ளை குளிர்ந்த தண்ணீரை மறுத்தாலோ, காலையில் தாடையோ நெற்றிப்பொட்டோ வலிக்கிறது என்றாலோ, பல் உடைந்தாலோ காத்திருக்காதீர்கள்.

பதிவு 14
கன்னங்குறிச்சி தாய் | நவம்பர் 15, காலை 11.20

ஒரு வாரம் கவனித்ததை எழுதுகிறேன். மகன் ஏழு இரவுகளில் ஆறு இரவு வாயைத் திறந்தபடி உறங்கினான், ஐந்து இரவு குறட்டை விட்டான். தறிநாடா அண்ணன் கூறியபடி மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டபோது, மூச்சு நின்று மீண்டும் வருவதை மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அதற்குப் பின் பல் ஓசை வந்தது. மல்லாந்து படுக்கும்போது மிகுதி, ஒருக்களித்தால் குறைவு. ஒன்றரை ஆண்டாக நான் தவறான ஓசையைக் கேட்டுக்கொண்டு விழித்திருந்திருக்கிறேன் என்பதை எண்ணும்போது அழுகை வந்துவிட்டது.

பதிவு 15
பால்பல் | நவம்பர் 15, பிற்பகல் 3.00

அழ வேண்டாம். ஒலிப்பதிவு செய்திருந்தால் அதையும் நீங்கள் எழுதிவைத்த குறிப்பையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். வாரத்தில் மூன்று இரவோ அதற்கு மேலோ குறட்டை விடும் பிள்ளையை, பல் கடித்தாலும் கடிக்காவிட்டாலும், பார்த்தே ஆக வேண்டும். பல்லை நான் பிறகு பார்த்துக்கொள்கிறேன், அதற்கு அவசரமில்லை.

பதிவு 16
கன்னங்குறிச்சி தாய் | டிசம்பர் 28, இரவு 10.30

பலரும் தனிமடலில் கேட்டதால் எழுதுகிறேன். எக்ஸ்ரேயில் அடினாய்டு பெருத்திருப்பது தெரிந்தது, டான்சில்கள் ஓரளவுக்கே. அறுவை சிகிச்சை இப்போது வேண்டாம், மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்தைத் தொடர்ந்து கொடுத்துப் பார்ப்போம் என்றார் மருத்துவர். தூசி படிந்த பஞ்சுத் தலையணையை மாற்றினோம், கொசுவர்த்திச் சுருளை நிறுத்திவிட்டு வலை கட்டினோம், படுக்கப் போகும் முன் கைப்பேசியில் படம் பார்ப்பதை நிறுத்துவதற்குத்தான் பெரும் போராட்டமாக இருந்தது. ஐந்து வாரம் ஆகிறது. குறட்டை வாரத்தில் இரண்டு இரவாகக் குறைந்திருக்கிறது. பல் ஓசை இருக்கிறது, ஆனால் ஓர் இரவில் ஏழெட்டு முறை கேட்டது இப்போது ஒன்றோ இரண்டோதான். ஜனவரி இறுதியில் மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார். குறையாவிட்டால் அறுவை சிகிச்சையைப் பற்றி அப்போது முடிவு செய்வோம்.

மகள் பல் கடிப்பதை மூன்றாவது வாரத்தில் தானாகவே விட்டுவிட்டாள். இப்போது கரண்டியால் தட்டைத் தட்டுகிறாள், அதன் ஓசையும் தெருமுனைவரை கேட்கிறது.

வெள்ளிப்பட்டறை ஐயாவுக்கு ஒரு செய்தி. என் மாமியார் இன்னும் பூச்சிதான் என்கிறார், கீரிப்பூச்சி பற்றி நீங்கள் எழுதியதை நான் படித்துக் காட்டியபோது, “பெரியவர் சரியாகத்தான் சொல்கிறார்” என்றார். ஆனால் இரவில் பேரனின் பக்கத்தில் படுப்பவர் இப்போது அவர்தான். நேற்று நள்ளிரவில் எழுந்து பார்த்தபோது விளக்கைப் போடாமல் அவன் மார்பின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன அத்தை என்று கேட்டேன். “பேசாதே, எண்ணிக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒருமுறைகூட நிற்கவில்லை” என்றார்.